ஆண்பால் இல்லாத சொல்

மார்ச் 3

அன்புள்ள நத்தைக்காரருக்கு,

அன்புள்ள என்று எழுதியது கைப்பழக்கம். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். நலமில்லை என்றால் மட்டும் ஓடி வந்துவிடப் போகிறீர்களா? விவாகரத்துக் காகிதம் கைக்கு வந்து ஒரு மழைக்காலமே போய்விட்டது. இப்போதுதான் என் விலாசம் ஞாபகம் வந்திருக்கிறது. போனில் பேச வேண்டாம் என்று சொன்னது நான்தான், மறுக்கவில்லை. போனில் நீங்கள் பெருமூச்சு விட்டாலே எனக்குப் பேச்சு மாறிவிடும். கேட்க வந்ததைக் கேட்காமல் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்றே முக்கால் பக்கம் நத்தை. மிச்சத்தில் "நீ எப்படி இருக்கிறாய்". உங்களைத் தெரிந்தவள் என்பதால் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

என் கதை பழைய கதைதான். பல் செட் செய்கிற அதே கடை. மாடியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்க அச்சில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றுவது, மெழுகில் பல் அடுக்குவது, அரத்தால் ராவுவது. சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் தலை முழுக்க வெள்ளை. நரையா மாவா என்று தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். போன வாரம் பல் டாக்டரிடமிருந்து ஒரு வாய் அச்சு வந்தது. கீழ்த்தாடை கொஞ்சம் இடப்பக்கம் இழுத்திருந்தது. எங்கேயோ பார்த்த வாய் என்று சீட்டைப் பார்த்தால், உங்கள் அம்மா. எட்டு வருஷம் அந்த வாயிலிருந்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதென்று, அதற்குப் பல் வைக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. பயப்படாதீர்கள், நன்றாகத்தான் செய்தேன். வேலையில் பழி தீர்க்கிற புத்தி எனக்கில்லை.

வாங்கிப்போக உங்கள் தங்கை வந்தாள். இன்னும் வாய்தவறி அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள். "அண்ணனுக்குப் பொண்ணு பாக்குறோம் அண்ணி" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

உண்மையா? நத்தையை நடுவில் விடாமல் ஒரு வரியில் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பல்லுக்காரி

*

மார்ச் 19

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

உண்மைதான்.

ஒரு வரி கேட்டாய், எழுதிவிட்டேன். இனி நான் என் இஷ்டத்துக்கு எழுதலாமில்லையா?

இங்கே குடியிருப்பு என்று பெயர், ஒரு அறையும் ஒரு குழாயும்தான். பக்கத்தில் கம்பிவலை அடித்த நீளக் கொட்டகை. அதற்குள் வரிசை வரிசையாகப் பெட்டிகள், ஈரமண், கோஸ் இலை. தோட்டங்களை மொட்டையடிக்கிற நத்தை எப்படிப் பெருகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது ஆபீசரின் வேலை. பெட்டி கழுவுவது, முட்டை எண்ணுவது, யார் யாருடன் சேர்ந்தது என்று பார்த்து எழுதுவது என் வேலை. ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். நத்தைக்குக் காவல் இருக்கிறவன் என்பார்கள்.

நீ சிரித்தாலும் பரவாயில்லை, இதைச் சொல்லியாக வேண்டும். இந்த நத்தையில் ஆண் பெண் என்று தனித்தனியாகக் கிடையாது. ஒவ்வொன்றும் ஆண், ஒவ்வொன்றும் பெண். கூடுவதற்கு முன்னால் மணிக்கணக்கில் ஒன்றையொன்று சுற்றி வரும், கொம்பால் தடவும், உதட்டால் கவ்வும். அப்புறம் கழுத்தோரத்திலிருந்து ஒரு அம்பை எடுத்து மற்றதன் உடம்பில் குத்தும். நிஜமான அம்பு. சுண்ணாம்பில் ஆனது, குண்டூசியில் பாதி இருக்கும். குத்து வாங்கியதும் பதிலுக்குக் குத்தும். பாதி நேரம் குறி தப்பும். சிலதுக்குப் படாத இடத்தில் பட்டு நாள்கணக்கில் சுருண்டு கிடக்கும். ஏன் இந்தக் கொடுமை என்று ஆபீசரைக் கேட்டேன். அம்பில் ஒரு கோழை தடவியிருக்குமாம். அது உள்ளே போனால்தான் கொடுத்த விந்தில் கொஞ்சமாவது பிழைக்குமாம். இல்லாவிட்டால் வாங்கிய நத்தை பெரும்பகுதியைச் செரித்துவிடுமாம். "கொடுக்கறது சுலபம், சுமக்கறதுதான் செலவு. அதனால ரெண்டும் கொடுக்கத்தான் பாக்கும்" என்றார்.

ஆனாலும் கடைசியில் இரண்டும் கொடுக்கின்றன, இரண்டும் வாங்குகின்றன, இரண்டும் மண்ணைத் தோண்டி முட்டை போடுகின்றன. பிறக்காவிட்டால் யாருடைய குறை என்று எந்த நத்தையும் கேட்பதில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

பெண் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாளாம். அப்பா இல்லை, அண்ணன்தான் எல்லாம். நான் விவாகரத்தானவன் என்று தெரிந்தும் சரி என்கிறார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் அவசரம் என்று அம்மா சொல்கிறாள். எனக்கும் நாற்பது நெருங்குகிறது.

கோபப்படாதே.

நத்தைக்காரன்

*

ஏப்ரல் 2

நத்தைக்காரருக்கு,

கோபப்படாதே என்று எழுதினால் கோபம் வராமல் போய்விடுமா?

நீங்கள் கல்யாணம் செய்துகொள்வது பற்றி எனக்கு ஒன்றுமில்லை. தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டீர்களா?

இரண்டும் சுமக்கின்றன என்று நத்தையைப் பற்றி உருகி எழுதினீர்களே, நம் வீட்டில் சுமந்தது யார்? அந்த டாக்டர் அறையில் மூன்று பேர் இருந்தோம். நீங்கள், நான், அவர். அவர் காகிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "குறைவுன்னா மருந்து குடுக்கலாம்மா. இவருக்கு இல்லவே இல்லை. ஒண்ணுகூட இல்லை." உங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று இன்னொரு டாக்டரம்மா முன்னமே சொல்லியாகிவிட்டது. படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்ட இப்போதைக்குச் சொல்லாத, கொஞ்ச நாள் போகட்டும்" என்றீர்கள். பாவமாக இருந்தது, சரி என்றேன்.

அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. உங்கள் அம்மா என்னை அந்தச் சொல்லால் கூப்பிட்டபோதெல்லாம் நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு தடவை பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தீர்கள்.

மலடி என்ற சொல் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பஸ்ஸில், குழாயடியில், எங்கே சொன்னாலும் புரியும். மலடன் என்று யாராவது யாரையாவது திட்டி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? போன மாதம் பல் கட்ட வந்த தமிழ் வாத்தியார் ஒருவரிடம் கேட்டேன், இதற்கு ஆண்பால் உண்டா என்று. மனிதர் இருமினார், தண்ணீர் கேட்டார். அப்புறம் "அகராதியில இருக்கும்மா" என்றார். அகராதியில் இருந்து என்ன பிரயோஜனம்? ஒருத்தர் வாயிலும் இல்லையே. நான் பார்க்காத வாயா?

ஆகவே நான் எழுதுகிறேன். நீங்கள் மலடன். இதில் அவமானம் ஒன்றுமில்லை, உடம்பு அப்படி. அவமானம் இதை இன்னொருத்தி தலையில் கட்டுவதில்தான் இருக்கிறது. நாளைக்கு அவளுக்கும் பிறக்காது. அவளையும் உங்கள் அம்மா அதே சொல்லால் கூப்பிடுவார். நீங்கள் பேப்பர் படிப்பீர்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். சொல்லியும் சரி என்றால் நான் சந்தோஷமாக வாழ்த்துகிறேன். நீங்கள் சொல்லாவிட்டால் நான் போய்ச் சொல்வேன்.

பல்லுக்காரி

*

ஏப்ரல் 21

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

அந்த வார்த்தையைப் படித்ததும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் மிச்சத்தைப் படித்தேன். நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அப்படி எழுதியிருக்க வேண்டாம்.

யோசித்துப் பார்த்தால் குறை என்ற சொல்லே தப்பு என்று படுகிறது. இங்கே ஒரு நத்தை இருக்கிறது, இடக்கை என்று பெயர் வைத்திருக்கிறோம். எல்லா நத்தைக்கும் ஓடு வலப்பக்கமாகச் சுருளும், இதற்கு மட்டும் இடப்பக்கம். வேறு நத்தையோடு விட்டால் சுற்றிச் சுற்றி வரும், அம்பும் போடும், ஆனால் சேர முடியாது. ஒன்றுக்கு உறுப்பு இந்தப் பக்கம், மற்றதுக்கு அந்தப் பக்கம். இரண்டும் நல்ல நத்தைதான். பொருத்தம் இல்லை, அவ்வளவுதான். நமக்கும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளக் கூடாதா? அம்மாவிடமும் இனி அப்படித்தான் சொல்லப்போகிறேன். பொருத்தம் இல்லை, யார் மேலும் தப்பில்லை என்று.

போன வாரம் இங்கே ஒரு ரகளை. தனியாக வைத்திருந்த ஒரு நத்தை முட்டை போட்டுவிட்டது. பக்கத்தில் இன்னொரு நத்தை வந்ததே கிடையாது. ஆபீசர் குதிக்காத குறை. தானாகவே கருவுற்றிருக்கிறது, பெரிய விஷயம் என்று மேலே எழுதத் தயாராகிவிட்டார். எனக்குச் சந்தேகம். பெட்டியின் பழைய சீட்டைத் தேடிப் பார்த்தேன். முட்டையிலிருந்து தனியாக வளர்த்ததைத்தான் 'தனி' என்று எழுத வேண்டும். இது தோட்டத்தில் பிடித்தது. புதிதாக வந்த ஆள் தெரியாமல் 'தனி' என்று எழுதிவிட்டான். பிடிபடுவதற்கு முன்னால் எப்போதோ யாரோடோ சேர்ந்ததை உள்ளே பத்திரமாக வைத்திருந்து, வசதியான சமயம் பார்த்து முட்டை போட்டிருக்கிறது. வருஷம் தாண்டியும் வைத்திருக்குமாம். ஆபீசர் முகம் விழுந்துவிட்டது. வெளியில் பிடித்ததைத் தனி என்று எழுதாதே என்று எல்லாரையும் கூப்பிட்டு வகுப்பெடுக்கிற பொறுப்பு எனக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசினேன்.

பெண்ணைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகிறேன். சொல்லிவிடுகிறேன். நீ போக வேண்டாம், தயவுசெய்து. நானே சொல்கிறேன்.

நத்தைக்காரன்

*

மே 6

நத்தைக்காரருக்கு,

இடக்கைக்கு இன்னொரு இடக்கை கிடைத்தால் முட்டை வரும். உங்களுக்கு யார் கிடைத்தால் வரும்? பொருத்தம் என்று பூசி மெழுகாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. சொன்னீர்களா இல்லையா?

பல்லுக்காரி

*

ஜூன் 10

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

போன மாதக் கடைசியில் கல்யாணம் முடிந்தது. பதிவு அலுவலகத்தில், பத்துப் பேரோடு.

சொல்லவில்லை. திட்டிக்கொள். ஆனால் முயற்சி செய்தேன் என்பதையாவது நம்பு. எங்களைத் தனியாகப் பேசவிட்டு எல்லாரும் வெளியே போனார்கள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். அவள் முகம் வெளுத்துப்போய்விட்டது. "எனக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். நீ முதலில் சொல், நீங்கள் முதலில் சொல்லுங்கள் என்று இருவரும் நின்றோம். அதற்குள் அவள் அண்ணன் கதவைத் திறந்துகொண்டு, "என்ன, பேசி முடிச்சாச்சா?" என்று வந்துவிட்டார். அவள் சட்டென்று தலையாட்டிவிட்டாள். நானும் ஆட்டிவிட்டேன்.

அமைதியான பெண். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. ஒரு வாரம் கூட இருந்தேன், அவளை அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே திரும்பிவிட்டேன். மாதம் ஒரு தடவை போய் வருவதாக இருக்கிறேன். இந்த ஒரு அறையில் குடும்பம் நடத்த முடியாது.

நீ அவளிடம் போகவில்லை என்று தெரிகிறது. போயிருந்தால் இந்தக் கல்யாணம் நடந்திருக்காது. அதற்கு நன்றி சொல்வதா, உன்னையும் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

நத்தைக்காரன்

*

ஜூலை 28

நத்தைக்காரருக்கு,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுத வைத்துவிட்டாள் உங்கள் மனைவி.

முதலில் உங்கள் கடைசி வரிக்குப் பதில். போனேன். அவர்கள் தெருமுனை வரைக்கும் போய் ஒரு டீக்கடையில் நின்றேன். நான் போய்ச் சொன்னால் என்ன சொல்வார்கள்? மூத்தவளுக்கு வயிற்றெரிச்சல், கதை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பார்கள். டீ ஆறிப்போயிற்று. வைத்துவிட்டு வந்துவிட்டேன். பயந்தாங்கொள்ளி என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் கடைக்கு வந்தாள். பையிலிருந்து பல் செட்டை எடுத்து வைத்து, "அத்தைக்கு ஈறுல உராயுதாம், கொஞ்சம் ராவித் தர முடியுமா" என்றாள். இடப்பக்கம் இழுத்த தாடை, நான் செய்ததுதான். நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். யார் சொல்லியோ தெரிந்துதான் வந்திருக்கிறாள்.

"நீங்கதான் அக்காவா?" என்றாள்.

உட்காரச் சொன்னேன். ராவ ஆரம்பித்ததும் அந்த மாவு வாசம் தாங்காமல் எழுந்து ஓடினாள். கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. தலைமுடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டேன். முதுகு எலும்பெல்லாம் கையில் தட்டுகிறது. வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

வாய் கொப்பளித்துவிட்டு, "அவர் எப்படிக்கா? கோவம் வந்தா அடிப்பாரா?" என்று கேட்டாள்.

"அடிக்க மாட்டாரு. பேசாம இருப்பாரு" என்றேன்.

"அது பரவால்லக்கா" என்றாள். அது பரவாயில்லையா என்று அவளே தெரிந்துகொள்வாள்.

கொஞ்ச நேரம் அழுதாள். புது வீடு, புது வாய்கள், அழாமல் என்ன செய்வாள். மாடிக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டேன். கீழ்வீட்டுக்காரியின் கைக்குழந்தை அப்போது என்னிடம்தான் இருந்தது. நான் இங்கே வந்த புதிதில் அவள் என்னைக் கண்டாலே குழந்தையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்வாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவளை நிறுத்தி, என்னிடம் குறையில்லை, அவரிடம்தான் என்று சொல்லிவிட்டேன். ஆமாம், சொன்னேன். கேட்டுவிட்டு, "அடப்பாவமே, இத்தனை நாள் சொல்லக் கூடாதா" என்று குழந்தையை என் மடியில் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து கடைக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் விட்டுவிட்டுத்தான் போகிறாள். உங்கள் மனைவி அந்தக் குழந்தையின் காலைப் பிடித்தபடி பாதிச் சோறுதான் சாப்பிட்டாள்.

நல்ல பெண். உங்கள் வீட்டு மூன்றாம் மாடி வரை தண்ணீர் தூக்க வைக்காதீர்கள். உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். இந்தத் தடவையாவது பேப்பரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

பல்லுக்காரி

*

ஆகஸ்ட் 11

பல்லுக்காரிக்கு,

உனக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. தொட்டிப் பக்கம் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே தெரிந்திருக்கும். எனக்கு எழுதவில்லை.

அம்மா போன் செய்தாள். தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாளாம். "பாத்தியாடா, குறை அந்த மலடிகிட்டதான்னு நான் அப்பவே சொன்னேனே" என்று அழுதாள். சந்தோஷ அழுகை. நானும் சந்தோஷப்பட்டேன், ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு நாள் முழுக்க நான் ஒரு அப்பா. ஆபீசர் கை கொடுத்தார். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் பெட்டி கழுவிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. ஊரில் வேறு எவனாக இருந்தாலும் ஏமாந்திருப்பான். என்னை ஏமாற்ற முடியாது. என் பிழைப்பே இதுதான். வெளியில் பிடித்ததைத் தனி என்று எழுதாதே என்று அத்தனை பேரை நிற்க வைத்துச் சொன்னவன் நான். எனக்கும் ஒண்ணு சொல்லணும் என்றாளே, அது என்ன? அவர்களுக்கு ஏன் அத்தனை அவசரம்? பார்த்த ஒரே மாதத்தில் ஒரு விவாகரத்தானவன் கையில் பிடித்துக் கொடுத்தார்களே? நாள் கணக்கு ஒரு வாரம் முன்னே பின்னே சரியாகத்தான் வருகிறது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இங்கே ஆஸ்பத்திரி நர்ஸைக் கேட்டேன், "அதெல்லாம் துல்லியமா சொல்ல முடியாதுங்க" என்றாள்.

ஆகையால் எல்லாம் ஒரே ஒரு இடத்தில் வந்து நிற்கிறது. அந்த அறையில் டாக்டர் சொன்னது என்ன? நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காது அடைத்துப்போயிருந்தது. குறைவு என்று ஏதோ சொன்னது எனக்கும் காதில் விழுந்தது. ஒன்றுகூட இல்லை என்றார் என்று நீ ஏப்ரலில் எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் என் முன்னால்தான் இருக்கிறது. அவர் சொன்னதைத்தான் எழுதினாயா, இல்லை கோபத்தில் எழுதினாயா? அந்த டாக்டர் செத்துப்போய்விட்டார். காகிதத்தை நான் அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டேன். அந்த அறையில் இருந்தவர்களில் நீ ஒருத்திதான் பாக்கி.

மறுபடி பரிசோதனைக்குப் போகலாம். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். போவதா வேண்டாமா என்று உன் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். குறைவு என்று சொல்லியிருந்தால் போக மாட்டேன். என் பிள்ளை என்று வைத்துக்கொள்வேன். இல்லவே இல்லை என்றால், நான் கெட்டவன் இல்லை, உனக்கே தெரியும், ஆனால் ஊரான் பிள்ளைக்கு அப்பன் என்று நிற்க என்னால் ஆகாது. அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் அந்தப் பெண் ஒரு மணி நேரம்கூட அந்த வீட்டில் இருக்க மாட்டாள். உன்னை அம்மா எப்படி வாசலில் நிற்க வைத்தாள் என்று ஞாபகமிருக்கிறதல்லவா? அவள் அண்ணன் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிற ஆள் இல்லை. அது அவள் பாடு.

உன்னிடம் அவள் அழுதாளே, என்ன சொன்னாள்?

பொய் சொல்லாதே. நீ பொய் சொல்கிறவள் இல்லை. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

நத்தைக்காரன்

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள நத்தைக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை வாங்கி நாலு நாளாயிற்று. பதில் தெரியாமல் இல்லை. எழுத வெட்கமாக இருந்தது. அதனால்தான் தாமதம்.

டாக்டர் 'குறைவு' என்றுதான் சொன்னார். உங்கள் காதில் விழுந்தது சரிதான். "குறைவாதான் இருக்கும்மா, மருந்து குடுத்துப் பாக்கலாம்" என்றார். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள், நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைப் பார்ப்பதுதான் என் தொழில். அதில் எனக்குத் தப்பு வராது.

ஏப்ரலில் எழுதியது கோபத்தில் எழுதியது. உங்களுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலிக்கிற மாதிரி எதையாவது சொல்ல வேண்டும் என்று ஒன்றுகூட இல்லை என்று எழுதினேன், அந்த வார்த்தையையும் எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதாகச் சொன்னேனே, நீங்கள் அன்றைக்கு உள்ளே வரவில்லை, வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தீர்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. கர்ப்பப்பை சரியில்லை, பிறக்காது என்றார். உங்கள் அம்மாவுக்குப் பயந்து மாற்றிச் சொன்னேன். உங்களுக்குக் குறைவு, எனக்கு இல்லவே இல்லை. மலடி என்று உங்கள் அம்மா கூப்பிட்டது சரியான ஆளைத்தான்.

குறைவு என்றால் ஒன்று போதும். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? கொடுத்ததில் பெரும்பகுதி செரித்துப்போய், தப்பித்த கொஞ்சத்தில்தான் மண் நிறைய முட்டை வருகிறது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? என்னிடம் எட்டு வருஷத்தில் நடக்காதது நல்ல உடம்புள்ள ஒருத்தியிடம் இரண்டு மாதத்தில் நடந்துவிட்டது. இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது?

அவள் என்னிடம் உங்கள் அம்மாவின் வாய்க்குப் பயந்துதான் அழுதாள். எட்டு வருஷம் அதே அழுகையை அழுதவள் நான். வேறு எதுவும் அதில் இல்லை. உங்களிடம் சொல்ல வந்தது என்ன என்றும் கேட்டேன். வேலையை விட மாட்டேன் என்று சொல்ல நினைத்தாளாம். வேலைக்கு அனுப்புங்கள், கையில் தொழில் இருந்தால்தான் பெண் பிழைப்பாள்.

பரிசோதனைக்குப் போகாதீர்கள். போய் என்ன ஆகப்போகிறது? குறைவு என்பான், நீங்கள் மறுபடி சோர்ந்து போவீர்கள். அந்தப் பஸ் காசுக்கு அவளுக்குப் பழம் வாங்கிப் போங்கள்.

இனி கேட்கிறவர்களிடம் எல்லாம் நான் இப்படித்தான் சொல்வேன். உங்கள் தங்கை வந்தாலும், வேறு யார் வந்தாலும் இதே பேச்சுதான். இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொன்னால் யாருக்கும் நல்லதில்லை. நேற்று கீழ்வீட்டுக்காரியிடமும் சொல்லிவிட்டேன், முன்பு சொன்னது பொய், குறை என்னிடம்தான் என்று. அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். அவளைச் சொல்லித் தப்பில்லை, இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறேன் அல்லவா?

இனி எனக்கு எழுத வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன். பிரசவத்துக்கு அவளை உங்கள் அம்மாவிடம் மட்டும் விட்டுவிடாமல் லீவு போட்டுக்கொண்டு கூட இருங்கள். குழந்தை பிறந்ததும் பார்க்க வருகிறவர்கள், யார் ஜாடை என்று கேட்பார்கள். அவர்கள் கேட்கும் முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள், என் ஜாடை என்று. அப்பா வாயால் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்களும் உற்று உற்றுப் பார்த்துவிட்டு, ஆமாம் ஆமாம், அப்படியே அப்பாதான் என்பார்கள்.

இப்படிக்கு,
பல்லுக்காரி